கிணற்றடிக் கல்

என் மச்சாள் கனகேஸ்வரி தன் சீதன வளவை இராணுவ வீரர்களுக்குப் பூங்கா கட்டக் கொடுக்கப்போகிறாள் என்று கேள்விப்பட்ட அன்று, நான் சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டேன். கை தவறி அல்ல. வந்த ஆத்திரத்துக்குக் கவிழ்க்க வேறு எதுவும் பக்கத்தில் இருக்கவில்லை.

அவள் என் அண்ணா இராஜநாயகத்தைக் கட்டியவள். தமிழர் வீடுகளை எரித்த எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமிருந்த எங்கள் ஒழுங்கையில் எரிந்த வீடுகளில் அவளுடையதும் ஒன்று. அன்று காலை ரெயில்வே கந்தோருக்குப் போன அண்ணா திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காததால் மச்சாள் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. பதினைந்து வருடமாகக் காலையில் குளித்துவிட்டு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று, குங்குமத்தைப் பெரிய வட்டமாக வைத்துக்கொள்வாள். சுவரிலிருந்த அண்ணாவின் படத்துக்கு மாலையும் இல்லை, சந்தனப் பொட்டும் இல்லை. உயிரோடு இருக்கிறவரின் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா?

எனக்கு அதில் வேதனையை விடக் கோபம்தான் அதிகம். என் கூடப்பிறந்தவனுக்கு அந்தியேட்டி செய்யவில்லை, ஒரு திவசம் செய்யவில்லை. பெண்சாதி அவர் இருக்கிறார் என்று நெற்றி நிறையப் பொட்டோடு நிற்கும்போது எந்த ஐயர் வந்து பிண்டம் வைப்பார்? அண்ணா செத்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால், அவர் உயிரோடு இருந்தால் வந்திருப்பார், அவ்வளவுதான். வெங்காயம் வாங்கப் போன இடத்தில் நேரம் போனால்கூட யாரிடமாவது சொல்லி அனுப்புகிற மனிதர் அவர்.

மச்சாளும் நானும் அதே ஒழுங்கையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் நின்றால் வீடு எரிந்த அந்த வளவு தெரியும். அதற்காகவே மச்சாள் அந்த வீட்டை எடுத்தாள். வருகிறவர் முதலில் தன் வீட்டைத்தானே தேடுவார் என்பது அவளுடைய கணக்கு. வளவில் வீடு இல்லை. கரிபிடித்த சுவர்களை மாநகரசபை வந்து இடித்துக்கொண்டு போய்விட்டது. பின்பக்கக் கிணற்றை, கலவரம் முடிந்த கையோடு, பக்கத்துச் சிங்கள வீட்டு சீலாவதியின் புருசன் மண் போட்டு மூடிவிட்டார். சின்னப் பிள்ளைகள் விழுந்துவிடும் என்றார். அந்த மனிதரும் இப்போது இல்லை.

சீலாவதியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கலவரத்தன்று எங்கள் இருவரையும் மதிலால் ஏற்றி எடுத்து, தன் வீட்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள் அவள். அப்போது எட்டு வயதான அவளுடைய மகன் ஜானக, வாசற்படியில் இருந்துகொண்டு, எரிக்க வந்தவர்களிடம் வீட்டில் யாரும் இல்லை என்று பொய் சொன்னான். அந்தப் பிள்ளை வளர்ந்து ஆமியில் சேர்ந்தான். சேர்ந்த அன்று மச்சாளிடம் வந்து காலில் விழுந்தான். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மச்சாள் அவனுக்கு விபூதி பூசி, கையில் ஒரு பொதி பயற்றம் பணியாரம் கொடுத்து அனுப்பினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் முல்லைத்தீவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தபோது அவன் காணாமற் போனவர்களில் ஒருவன்.

செய்தி வந்த அன்று மச்சாள் சீலாவதியின் குசினியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, "காணேல்லை எண்டால் காணேல்லைதான். செத்தவன் எண்டு ஆரும் சொல்ல விடாத. படத்துக்கு மாலை போட விடாத" என்று சொன்னாள். தான் பதினைந்து வருடம் கற்ற படிப்பை அப்படியே அவளுக்கும் படிப்பித்தாள்.

பூங்கா யோசனை ஒழுங்கை நலன்புரிச் சங்கத் தலைவர் பேர்னாட் மாஸ்டருடையது என்றுதான் ஒழுங்கை முழுக்க நினைத்தது. எங்களைப் போலவே அவரும் தமிழர். ஓய்வுபெற்ற வாத்தியார், பயந்த மனிதர், அந்தப் பயத்துக்கு நல்ல உடுப்புப் போட்டு வைத்திருப்பவர். ஒழுங்கையிலிருந்து ஆமிக்குப் போன பெடியன்கள் நாலு பேர். மூன்று பேர் மூடிய பெட்டியில் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு நினைவுப் பூங்கா, கல், மலர்ப் பாத்தி, வருகிறவர்கள் இருக்க இரண்டு வாங்கு.

"நாங்களாக் குடுத்தால் நல்லது, பிள்ளை" என்றார் என்னிடம். "போன கிழமையும் ரவுண்ட் அப். விடிய எழுப்பி வரிசையில நிக்க வைச்சவங்கள். இதைக் குடுத்தால் எங்கட ஒழுங்கையைக் கொஞ்சம் பாத்து நடப்பாங்கள்."

"அப்ப உங்கட முன் வளவைக் குடுங்கோவன், மாஸ்டர்" என்றேன். அவர் இருமத் தொடங்கிவிட்டார்.

ஆனால் மச்சாள் பேர்னாட் மாஸ்டருக்காகக் கொடுக்கவில்லை. அதற்கு முதல் நாள் சீலாவதி வந்திருந்தாள். ஒரு கொன்ட்ராக்டர் அந்த வளவில் அடுக்குமாடி ஃபிளட் கட்டக் கேட்டுத் திரிவது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"அக்கே, ஃபிளட்டுக்கு குடுக்க வேணாம்" என்றாள் தன் தமிழில். "ஆழமா தோண்டுவானுகள். பூ வைக்க குடுங்க. பெடியன்கள்ட பேரில ஒரு கல்லு. கல்லு முன்னால வேணாம், பின்னுக்கு, கிணத்தடியில."

"ஜானகவின்ர பெயரும் போடப் போறாங்களோ?" என்று மச்சாள் கேட்டாள்.

சீலாவதி சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு, "அது பாப்பம், அக்கே" என்றாள். மச்சாள் அந்தப் பதிலை, போடமாட்டார்கள் என்று விளங்கிக்கொண்டாள். நானும்தான்.

மச்சாளின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு அவள் போன பிறகு, நான் பானையைக் கவிழ்த்துவிட்டு வாய்க்கு வந்தபடி ஏசினேன். எங்களை எரித்த மண்ணில் அவர்களுக்குக் கோயிலா என்று கேட்டேன். அண்ணா வந்தால் எங்கே போய் வீடு கட்டுவார் என்று அவளுடைய நம்பிக்கையை எடுத்தே அவளை அடித்தேன். அவள் சிந்திய சோற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அவர் வந்து கேட்டால், சீலாவதிக்குக் குடுத்தனான் எண்டு சொல்லுவன். ஒண்டும் சொல்லமாட்டார்."

இதற்கு மேல் என்ன கதைப்பது?

பூங்கா திறந்த அன்று ஒழுங்கை முழுக்க மஞ்சள் கொடி. தமிழ் வீடுகளில்தான் கொடி பெரிதாக இருந்தது. காலையிலேயே ஆமி வந்து ஒவ்வொரு பூமரத்தின் அடியையும் குச்சியால் கிளறிப் பார்த்தது. எங்கள் கைப்பைகளைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். பந்தலுக்குள் நிலத்தைக் கொடுத்தவள் என்று மச்சாளுக்கு முன்வரிசைக் கதிரை. பக்கத்தில் நான். மறுபக்கத்தில் செத்த பெடியன்களின் தாய்மார் மூவரும், அவர்களோடு சீலாவதியும் வெள்ளைச் சேலையில். ஊனமடைந்து வீடு திரும்பிய வீரர்கள் சிலரை வெளியிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்திருந்தார்கள். ஊன்றுகோலைக் கதிரையில் சாத்தி வைத்துவிட்டு அவர்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித்தான் இருந்தார்கள். வெறுக்கலாம் என்று ஆயத்தமாகப் போன எனக்கு அது பெரிய இடைஞ்சலாக இருந்தது.

பெரிய அதிகாரி ஒருவர் கல்லின் மேலிருந்த துணியை இழுத்தார். கறுப்புக் கல். சிங்களத்தில் பெயர்கள். மச்சாளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். நாலு பெயர் இருந்தது. நாலாவது ஜானகவுடையது. சொல்லலாமா விடலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள், கல்லுக்குப் பக்கத்து மேசையில் படங்களை மூடியிருந்த துணியையும் எடுத்துவிட்டார்கள்.

நாலு படம். நாலுக்கும் மல்லிகை மாலை. பேர்னாட் மாஸ்டர் நாலாவது படத்தின் நெற்றியிலும் சந்தனம் வைப்பித்திருந்தார்.

மச்சாள் எழும்பினாள். நான் சேலையைப் பிடித்தேன், கையில் நிற்கவில்லை. அவள் நேராக மேசைக்குப் போனாள். அந்த நாட்களில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி ஒரு அதிகாரியை நோக்கி நடந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். துவக்குகள் திரும்பின. யாரோ கத்தினார்கள். ஊன்றுகோல் ஒன்று விழுந்தது.  அவள் எதையும் காணவில்லை. ஜானகவின் படத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். விரலால் சந்தனத்தைத் துடைத்தாள்.

"வெடி தியன்ன எபா!" சுடவேண்டாம் என்று சிங்களத்தில் அலறிக்கொண்டு சீலாவதி ஓடிவந்து அவளுக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். "மகே அக்கா! மகே அக்கா!"

என் அக்கா, என் அக்கா என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பெண் பொலிஸ்காரி ஒருத்தி மச்சாளின் இரண்டு கைகளையும் பின்னுக்கு முறுக்கிப் பிடித்து, உடம்பு முழுக்கத் தடவினாள். ஒன்றும் இல்லை. ஒரு மாலை மட்டும்தான். மச்சாள் அதை விடாமல் பிடித்திருந்தாள்.

"சொல்லு, சீலாவதி" என்றாள் மூச்சு வாங்க. "காணாமப் போன பிள்ளைக்கு மாலை போட்டிருக்கிறாங்கள். நீ சொல்லு இவங்களுக்கு."

சீலாவதி மச்சாளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மாலையை எடுத்தாள். எடுத்துக்கொண்டு போய்த் தன் கையாலேயே திரும்பவும் மகனின் படத்துக்குப் போட்டாள்.

"நான்தான் அக்கே போட சொன்னது" என்றாள்.

மச்சாளின் முகத்தை அதற்குப் பிறகு என்னால் பார்க்க முடியவில்லை. 

அதிகாரி நல்ல மனிதராக இருக்கவேண்டும், அல்லது விழாவைக் கெடுக்க விரும்பாதவராக இருக்கவேண்டும். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, சீலாவதியின் பொறுப்பில் விட்டார். பேர்னாட் மாஸ்டர் என்னிடம் வந்து, "ஒழுங்கையையே கெடுத்துப்போட்டியள்" என்று பல்லைக் கடித்தார். 

சீலாவதி எங்களைத் தன் குசினிக்குக் கூட்டிப்போனாள். அதே குசினி. அரிசி மூட்டைகள் இருந்த இடத்தில் இப்போது காஸ் சிலிண்டர். வெளியில் பந்தலில் பாட்டுப் போட்டிருந்தார்கள். இஞ்சித் தேத்தண்ணீர் ஊற்றி வைத்தாள், நாங்கள் இருவரும் தொடவில்லை.

"ரெண்டே வருசத்தில பிள்ளையைச் சாகவிட்டிட்டியே" என்றாள் மச்சாள்.

"அவனோட இருந்த பையன் ஒருத்தன் தப்பி வந்தான், அக்கே. போன வெசாக் பண்டிகைக்கு இங்க வந்தது. ஜானக விழுந்ததை கண்ணால கண்டவன். நான் அவனை அடிச்சேன். பொய் சொல்றாய் எண்டு செருப்பால அடிச்சேன். அவன் நிண்டு அடி வாங்கினான்." சீலாவதி மூக்கைத் துடைத்தாள். "அண்டைக்குத்தான் எனக்கு நித்திரை வந்தது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்படி சொல்றது? ரெண்டு வருசம் வராத என்ட மகன் செத்துப்போனான் எண்டு நான் சொன்னா, உங்களுக்கு அது என்ன கதை?"

மச்சாள் தேத்தண்ணீரைத் தள்ளி வைத்தாள். கோபம் இறங்கிவிட்டது. பிறகு சாதாரணமாக, ஒரு நியாயம் கேட்பதுபோலச் சொன்னாள்.

"உனக்குக் கண்டவன் ஒருத்தன் வந்து சொன்னான். சரி, போடு மாலையை. எனக்கு அப்பிடிக் கண்டவை ஆரும் வந்து சொல்லேல்லையே."

 சீலாவதி கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். வைத்தது ஓரத்தில், அது விழப்பார்த்தது, நான் பிடித்தேன். பிடித்தபடி அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவள் மச்சாளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். அந்தக் குசினி ஜன்னலால் பார்த்தால் மதிலுக்கு மேலால் எங்கள் வளவின் பின்பக்கம் தெரியும். கிணற்றடி தெரியும். இப்போது கல் தெரிந்தது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பிறவி நான். அன்று மட்டுமாவது இருந்திருக்கலாம்.

"ஏன் கல்லைக் கிணத்தடியில வைக்கச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

சீலாவதி நிலத்தில் இருந்துவிட்டாள்.

"மஹத்தயா வந்தவர்" என்றாள். ஐயா வந்தார் என்கிறாள். அண்ணாவை அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள். "ரெயில் ரோட்டால நடந்து, பின்னால வந்தவர். உங்களை தேடித்தான் வந்தது. அவனுகள் வீட்டுக்குள்ள நிண்டானுகள். நான் இந்த ஜன்னலால கண்டேன். நீங்க ரெண்டு பேரும் மூட்டைக்கு பின்னால. சொன்னா கத்துவீங்க. வெளியில ஓடுவீங்க. பிறகு அவனுகள் இங்க வருவானுகள், ஜானக வாசல்ல இருக்கான்..."

நிறுத்தினாள். மூச்சு எடுத்துக்கொண்டாள்.

"அண்டைக்கு சொல்லேல்ல. அடுத்த நாள் உங்களை அகதி காம்புக்கு கொண்டுபோனானுகள். திரும்பி வரும்போது நெத்தியில பொட்டு. அதை பாத்திட்டு எப்படி சொல்றது? முதல் நாள் சொல்லாதவள் பிறகு எப்படி சொல்றது, அக்கே? எங்கட மனுசன் பிரித் மந்திரம் சொல்லித்தான் மண் போட்டது. சும்மா போடேல்ல. கொன்ட்ராக்டர் வந்து தோண்டினா என்ன செய்றது? அதுதான் பூ வைக்க கேட்டது. என்ட மகன்ட உடம்பும் எங்க எண்டு தெரியாது. ரெண்டு பேருக்கும் ஒரு கல்லு இருக்கட்டும் எண்டு நினைச்சேன்."

பந்தலில் பாட்டு நின்று, யாரோ ஒலிபெருக்கியில் நன்றி சொல்லத் தொடங்கினார்கள். பேர்னாட் மாஸ்டரின் குரல்.

பதினைந்து வருடம் நான் சொல்லி வந்தது சரி என்று ஆகிவிட்டது. வென்றுவிட்டேன். அந்த நிமிசத்தில் என் காதுகளை அறுத்துக் கொடுத்தாவது தோற்றிருக்க வேண்டும்போல இருந்தது. சீலாவதியின் தலைமயிரைப் பிடித்து உலுக்கவேண்டும் என்று ஒரு கை துடித்தது. இவள் இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் அன்றே அதே கிணற்றில் கிடந்திருப்போம் என்பதும் தெரிந்தது. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மச்சாள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கூப்பிட்டவரோ?"

"ஓம்" என்றாள் சீலாவதி. "உங்கட பேர் சொல்லி கூப்பிட்டவர்."

அடுத்த நாள் காலை மச்சாள் வழக்கம்போலக் குளித்தாள். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். குங்குமச் சிமிழ் திறக்கிற சத்தம் கேட்டு நான் எழும்பிப் போனேன். பெரிய வட்டமாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். இத்தனைக்குப் பிறகுமா என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இண்டைக்கு மட்டும்தான், பவளம்" என்றாள். "அவரிட்டப் போகேக்க வெறும் நெத்தியோட போகேலாது."

காலி வீதிக்குப் போய்ப் பூக்கடையில் மாலை வாங்கினோம். கட்டி முடித்துக் கிடந்தவை ஒன்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்று புதிதாகக் கட்டுவித்தாள். முதல் மாலை அல்லவா.

பூங்கா வாசலில் ஒரு ஆமிக்காரன் காவலுக்கு நின்றான். மீசை சரியாக முளைக்காத முகம். வழியை மறித்து, "காட்டத?" என்றான். மாலை யாருக்கு என்று கேட்கிறான்.

"மஹத்தயாட்ட" என்றாள் மச்சாள் தன் உடைந்த சிங்களத்தில். என் புருசனுக்கு; சிங்களத்தில் அதற்கும் அதே சொல்தான்.

அவன் முகம் மரியாதையாக மாறியது. எந்த ரெஜிமென்ட் என்று கேட்டான்.

மச்சாள் கொஞ்சம் யோசித்து, "ரெயில்வே" என்றாள்.

அவன் விளங்காமல் என்னைப் பார்த்தான். பிறகு அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினான். பெயரை வாசித்ததும் அவன் குரல் மாறிவிட்டது. இது வீரர்களுக்கான இடம், பெயர் இருக்கிறவர்களின் சொந்தக்காரர் மட்டும்தான் மாலை போடலாம், நேற்று நடந்ததற்குப் பிறகு கண்டிப்பான உத்தரவு என்றான். நேற்று நடந்தது யாரால் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதுவரைக்கும் நல்லது.

"வா, மச்சாள், போவம்" என்றேன்.

மச்சாள் அசையவில்லை. கம்பி வேலிக்கு அப்பால், ஒழுங்கையிலிருந்து நீளமாக உள்ளே போன அந்த வளவின் கடைசியில், கல் வெயில் பட்டு மினுங்கியது. அவளுடைய அடுப்படி இருந்த இடத்தில் செவ்வந்திப் பாத்தி. படுக்கையறை இருந்த இடத்தில் வாங்கு. தன் சீதன வளவின் வாசலில் நின்று அவள் அவனிடம் சிங்களத்தில் திருத்திச் சொன்னாள்.

"ஜானகட்ட." ஜானகவுக்கு.

அவன் கல்லிலிருந்த பெயரை நினைவுபடுத்திப் பார்த்தான். அட்டையைத் திருப்பிப் பார்த்தான். ஒரு தமிழ்ப் பெயர்க்காரி ஜானகவுக்கு என்ன முறை என்று அவனுக்கு ஓடவில்லை. ஆனால் மாலையைப் பிடித்திருந்த விதத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வழிவிட்டான்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் போய்க் கல்லுக்கு முன்னால் முழந்தாளிட்டாள். மாலையைக் கல்லுக்குப் போடவில்லை. கல்லின் அடியில், மண்ணில், நீட்டி வைத்தாள். வைத்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். என் அண்ணாவுக்கு விழுந்த முதல் மாலை இன்னொருவர் பெயரைச் சொல்லித்தான் உள்ளே போனது. பிறகு அவள் சேலைத் தலைப்பை எடுத்து நெற்றியை அழுத்தித் துடைத்தாள். ஒரு தரம் துடைத்துப் போகவில்லை. திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

காவலுக்கு நின்றவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் எங்கோ ஒரு தாய் இருந்திருப்பாள்.

"அம்மாத?" என்று என்னிடம் மெல்லக் கேட்டான். ஜானகவின் அம்மாவா என்கிறான்.

நான் மச்சாளைப் பார்த்தேன். சேலைத் தலைப்பெல்லாம் சிவப்பாக, எழும்ப முடியாமல் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்" என்றேன். அம்மாதான்.